பேஸ் கிற்றாரின் பாரமும் சமநிலையும்: வாங்குமுன் ஓர் ஒப்பீடு

எங்கள் இசைக்குழுவில் இரண்டாண்டுகளாக இரவல் கருவியில் வாசித்து வரும் தம்பி ஒருவர் இப்போது சொந்தமாக ஒரு பேஸ் கிற்றார் வாங்கப் போகிறார். கனடாவிலுள்ள மாமா பணம் அனுப்ப இசைந்திருக்கிறார். இரண்டாவது முறை அவரிடம் கேட்க முடியாது. கொழும்புக் கடைகளின் விலைப்பட்டியல்களையும் பழைய கருவிகளின் படங்களையும் கைபேசியில் சேர்த்துக்கொண்டு வந்து, திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, "அண்ணா, இதில பாரம் குறைஞ்சது எது எண்டு மட்டும் சொல்லுங்க, அதையே எடுக்கிறன்" என்றார்.

கேள்வி நியாயமானது. கோவில் திருவிழா இரவுகளில் எட்டு மணிக்கு மேடையேறினால் நள்ளிரவு கடந்துதான் இறங்குகிறோம். பைலாவும் பொப்பிசையும் திரைப்பாடல்களும் மாறி மாறி வரும் நிகழ்ச்சியில் மற்றவர்கள் ஒரு பாட்டுக்காவது ஓய்ந்து நிற்கலாம். பேஸ் வாசிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான்கு மணி நேரம் தோளில் தொங்கும் ஒன்றின் பாரத்தை அவர் முதலில் கேட்டதில் தவறில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லியிருந்தால், அவருடைய பட்டியலிலேயே மிக மோசமான தெரிவை நான் கைகாட்டியிருப்பேன். ஏனென்றால் பேஸ் கிற்றாருக்கு இரண்டு பாரங்கள் உண்டு. ஒன்றைத் தோள் சுமக்கிறது, மற்றதை இடது கை சுமக்கிறது. கடைக்காரர் சொல்லும் எண் முதலாவதை மட்டுமே குறிக்கும். ஒரு வாசிப்பாளரை உண்மையில் களைக்கச் செய்வதும், மணிக்கட்டைக் கெடுப்பதும் இரண்டாவது.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த விசையின் திருப்பம் இதை விளங்கிக்கொள்ளப் போதும். தோள்வார் கிற்றாரை இரண்டு பொத்தான்களில் பிடிக்கிறது. ஒன்று உடலின் அடிப்புறத்தில் இருக்கும். மற்றது பெரும்பாலும், உடலிலிருந்து கழுத்துப் பக்கமாக நீளும் மேல்கொம்பின் நுனியில் இருக்கும். கருவியின் புவியீர்ப்பு மையம் இந்த இரண்டுக்கும் நடுவே தாராளமாக உள்ளே அமைந்திருந்தால், இரண்டு கைகளையும் எடுத்தாலும் கிற்றாரின் கழுத்து நின்ற இடத்தில் நிற்கும். மையம் மேற்பொத்தானை நெருங்க நெருங்கக் கருவியின் தலை, அதாவது கழுத்தின் நுனி, தாழப் பார்க்கும். அப்போது சட்டைக்கும் வாருக்கும் இடையிலான உராய்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது. மையம் மேற்பொத்தானைத் தாண்டித் தலைப்பக்கம் போய்விட்டால் எந்த உராய்வும் நெடுநேரம் தாங்காது. கழுத்து நிலத்தை நோக்கி விழும், வாசிப்பவர் தம்மை அறியாமலே இடது உள்ளங்கையால் அதைத் தூக்கிப் பிடிப்பார்.

சாதாரண ஆறு தந்திக் கிற்றாரில் இது அவ்வளவு பெரிய சிக்கலாவதில்லை. பேஸில் தந்தியின் அதிர்வு நீளம் வழக்கமாக 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீற்றர். ஆறு தந்திக் கருவியில் அது 25 அங்குலத்தைச் சுற்றியே நிற்கும். கழுத்து நீள்கிறது, மேப்பிள் போன்ற கனமான மரத்தால் ஆகிறது, அதன் கடைக்கோடியில் தந்திகளைச் சுருதி சேர்க்கும், ஒவ்வொன்றும் நூறு கிராமை நெருங்கும் நான்கு பெரிய முறுக்காணிகள் அமர்கின்றன. நீளமான கைபிடியின் நுனியில் பாரம் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் துடுப்புப் பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தோளின் பாரத்தைக் குறைக்க வழிகள் உண்டு. ஐந்து சென்ரிமீற்றர் அகல வாருக்குப் பதில் ஒன்பது பத்துச் சென்ரிமீற்றர் அகலத் தோல்வாரை அணிந்தால் அதே நான்கு கிலோ இரட்டிப்புப் பரப்பில் பரவும். அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். இடது கையின் பாரத்தை இப்படிப் பரப்ப முடியாது. தந்தியை அழுத்த வேண்டிய விரல்களுக்குப் பின்னால் இருக்கும் உள்ளங்கை தாங்குகோலாக மாறிவிட்டால், விரல்கள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகரும்போதெல்லாம் கழுத்து கையோடு சேர்ந்து அசையும். வேகமான பைலாவில் அது உடனே காதுக்குத் தெரியும்: சுரங்கள் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விழும். நான் முதலில் வைத்திருந்த கருவி 3.4 கிலோ மட்டுமே. தூக்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் இலகுவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். மூன்று ஆண்டுகள் அதன் தலையைத் தாங்கியபடி வாசித்ததன் பலனாக இடது மணிக்கட்டில் வந்த வலி, கருவியை மாற்றிய பிறகும் பல மாதங்கள் போகவில்லை. இந்த ஒப்பீட்டை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அந்த வலியும் ஒரு காரணம்.

எனவே தம்பியிடம் முதலில் ஒரு விற்றராசு வாங்கச் சொன்னேன். மீன் நிறுப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கொழுக்கித் தராசு போதும். மின்கலத்தில் இயங்கும் சிறிய பயணப்பைத் தராசாக இருந்தால் இன்னும் துல்லியம். முதலில் கருவியின் முழுப் பாரத்தையும் நிறுக்க வேண்டும். பிறகு, மேடையில் நிற்பதுபோலவே வாரை அணிந்து நின்று, தலைப்பகுதியைத் தராசின் கொழுக்கியில் மாட்டி, வழக்கமாக வாசிக்கும் சாய்வுக்குக் கழுத்து வரும்வரை இன்னொருவரை மெதுவாகத் தூக்கச் சொல்ல வேண்டும். அப்போது தராசு காட்டும் அளவு இடது கை இரவு முழுவதும் சுமக்கப் போகும் பாரத்துக்கு நெருங்கிய எண். என் பழைய கருவியில் அது 450 கிராம். நல்ல சமநிலையுள்ள கருவியில் நூறு கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது என் அளவுகோல். கடையில் இப்படிச் செய்யக் கூச்சப்படத் தேவையில்லை. மாமாவின் பணம் அது.

பட்டியலில் முதலாவதாக இருந்தவை அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவன வழி வந்த வடிவங்கள். லியோ ஃபெண்டர் 1951 இல் பிரெசிஷன் பேஸை வெளியிட்டபோது, கழுத்தின் நீளத்தை ஈடுசெய்ய மேல்கொம்பை முன்னே நீட்டினார். பொத்தான் ஏறத்தாழப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதற்கு, நேரே வந்தது. 1954 இல் உடலின் விளிம்புகள் மார்புக்கும் முன்கைக்கும் பொருந்தச் சரிவாக வெட்டப்பட்டன. 1960 இல் வந்த ஜாஸ் பேஸ் உடலின் இடுப்பை ஒருபக்கம் தள்ளி அமைத்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த அமைப்பையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்றால் அதற்குப் பழக்கம் மட்டும் காரணமாகாது. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதி. அங்கிருந்து தந்தி தொடங்கும் நட்டுக்கும் தந்தி முடியும் பிரிட்ஜுக்கும் ஒரே தூரம், 432 மில்லிமீற்றர். முறுக்காணிகள் அந்தப் பொத்தானிலிருந்து சராசரியாக 550 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். பிரிட்ஜும் தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பும் உடலின் மரமும் மறுபுறம் சேர்ந்து அதை எளிதில் வென்றுவிடும்.

இந்த வடிவத்தின் பலவீனம் தோளில் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ளவை 3.7 கிலோவிலிருந்து 4.3 கிலோவரை இருக்கும். 1970களின் ஆஷ் உடல் கருவிகளில் 4.5 கிலோவைத் தாண்டியவையும் உண்டு. இந்த வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் மரத்தால் வருவது. குடைவுகளைக் கழித்துவிட்டால் இத்தகைய உடலின் கனவளவு நான்கு லீற்றரைச் சுற்றி இருக்கும். ஆல்டர் மரத்தின் அடர்த்தி கன மீற்றருக்கு 450 கிலோ அளவு. நான்கு லீற்றர் ஆல்டர் 1.8 கிலோ. அமெரிக்க வெள்ளை ஆஷ் மரத்தின் அடர்த்தி 670 கிலோ அளவு. அதே உடல் 2.7 கிலோ ஆகிவிடும். படத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு கருவிகளுக்கு இடையில் ஏறத்தாழ ஒரு கிலோ ஒளிந்திருப்பது இப்படித்தான். அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளரும் ஆஷ் மரத்தின் அடிப்பகுதி, அதாவது சுவாம்ப் ஆஷ், 500 கிலோவை ஒட்டியே நிற்பதால் பழைய வாசிப்பாளர்கள் அதை விரும்பித் தேடினார்கள். ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் மரகத வண்டின் பரவலால் அது அரிதாகி, 2020 இல் ஃபெண்டர் தன் வழக்கமான வரிசைகளில் ஆஷ் பயன்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே இன்று எங்கள் கைக்கு எட்டும் விலையில் ஆல்டர், பொப்ளர், பாஸ்வுட் ஆகியவற்றைத்தான் எதிர்பார்க்கலாம். இந்த மூன்றும் பாரத்தில் நெருங்கிய உறவினர்கள்.

பாரம் குறைந்த மரமே எப்போதும் நல்லது என்று இங்கே முடிவு கட்டிவிடக் கூடாது. சில தயாரிப்பாளர்கள் பௌலோனியா மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அடர்த்தி 280 கிலோ அளவே. உடல் 1.2 கிலோவுக்கும் கீழே இறங்கும், முழுக் கருவியும் மூன்று கிலோவுக்கு வந்துவிடும். கழுத்தும் முறுக்காணிகளும் மட்டும் பழைய பாரத்தோடு அப்படியே நிற்கும். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்த அண்ணளவான கணக்கின்படி, ஆல்டர் உடலில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து பதினொரு சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும் புவியீர்ப்பு மையம், பௌலோனியா உடலில் தலைப்பக்கம் நகர்ந்து ஏழு சென்ரிமீற்றர் மட்டுமே உள்ளே நிற்கிறது. தோளிலிருந்து எடுத்த பாரத்தில் ஒரு பங்கை இடது கையில் வைத்துவிட்டோம் என்பதே இதன் பொருள். மேலும் மென்மையான மரத்தில் திருகாணி நெடுநாள் பிடித்து நிற்பதில்லை. கடலோரத்தில் வாழும் எங்களுக்கு உப்புக் காற்றில் துருப்பிடித்த திருகாணியும் மெத்தென்ற மரமும் சேர்ந்தால், மேடை நடுவில் பொத்தான் கழன்று கருவி விழும் அபாயம் வெறும் கற்பனையில்லை.

இரண்டாவது தெரிவு தம்பியின் மனத்தைக் கவர்ந்திருந்தது. கிப்சன் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட தண்டர்பேர்ட் வடிவமும், எஸ்ஜி கிற்றாரின் இரட்டைக் கொம்பு உடலில் 1961 இல் வந்த ஈபி-3 வடிவமும் மேடையில் மிக அழகானவை. அதை நானும் மறுக்கமாட்டேன். இவற்றின் வழியில் வரும் மலிவான கருவிகள் பழைய பொருள் விற்பவர்களிடம் அடிக்கடி கிடைக்கின்றன. பார்ப்பதற்கு இறகுபோல இருக்கும் இந்த உடல்களில் மேல்கொம்பு முன்னே நீள்வதில்லை. ஆகையால் மேற்பொத்தான் பெரும்பாலும் கழுத்து உடலோடு சேரும் இடத்தின் பின்புறத்தில், பதினேழாம் ஃப்ரெட்டை ஒட்டி அமைகிறது. 34 அங்குலக் கருவியில் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு 432 மில்லிமீற்றர் என்றால், பதினேழாம் ஃப்ரெட்டுக்கு 540 மில்லிமீற்றர். தாங்கும் புள்ளி பதினொரு சென்ரிமீற்றர் உடலுக்குள் நகர்ந்துவிட்டது. தலைப்பக்க நெம்பு அந்த அளவுக்கு நீண்டு, உடற்பக்க நெம்பு அதே அளவுக்குக் குறுகிவிட்டது. முன்னர் சொன்ன கணக்கில் ஆல்டர் உடலின் மையம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து உள்ளே இருந்த தூரமும் இதே பதினொரு சென்ரிமீற்றர் என்பதைக் கவனித்தால், இவ்வடிவங்களில் மையம் பொத்தானுக்கு நேரே வந்து நிற்கும் என்பது விளங்கும். உடல் மெலிந்ததாகவும் இருந்துவிட்டால் அது பொத்தானைத் தாண்டிவிடும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு விளைவும் உண்டு. வார் பிடிக்கும் இடம் உடலுக்குள் நகரும்போது கருவி முழுவதுமே வாசிப்பவரின் இடப்பக்கம் தள்ளிப் போய்த் தொங்குகிறது. முதலாம் ஃப்ரெட்டைத் தொட இடது கையை இன்னும் நீட்ட வேண்டியிருக்கிறது. ஈபி-3 வடிவத்தின் தந்தி நீளம் 30.5 அங்குலம்தான். சின்னக் கருவி என்றால் கைக்கு எட்டும் என்று நம்பி அதை வாங்குபவர்கள் உண்டு. பதினேழாம் ஃப்ரெட்டை ஒட்டிய பொத்தானிலிருந்து அதன் நட்டுக்குள்ள தூரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 485 மில்லிமீற்றர் வருகிறது. நீளமான பிரெசிஷன் பேஸில் பொத்தானிலிருந்து நட்டுக்கு 432 மில்லிமீற்றர்தான். சின்னக் கருவியின் முதற்சுரம் பெரிய கருவியின் முதற்சுரத்தைவிடத் தோளிலிருந்து தொலைவில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தம்பிக்கு எழுதிக் காட்டியபோது அவர் அந்தப் படங்களைத் தாமாகவே கைபேசியிலிருந்து நீக்கினார். எனக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இத்தகைய வடிவத்தைக் காதலிப்பவர்கள் அமர்ந்து வாசிக்கும் ஒலிப்பதிவுக்கு அதை வைத்திருக்கலாம். நான்கு மணி நேர நின்றபடி வாசிப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சின்னக் கருவிகள் எல்லாவற்றையும் இதே கணக்கில் தள்ளிவிடுவது அநியாயம். 1966 இல் ஃபெண்டர் வெளியிட்ட மஸ்டாங் பேஸின் தந்தி நீளம் 30 அங்குலம். அதற்குரிய மேல்கொம்பும் நீண்டிருக்கிறது. கழுத்து குறுகுவதால் தலையின் திருப்பமும் குறைகிறது. நட்டிலிருந்து முதலாம் ஃப்ரெட்வரை உள்ள இடைவெளி 34 அங்குலக் கருவியில் 48 மில்லிமீற்றரைத் தாண்டும்போது, இதில் 43 மில்லிமீற்றருக்குள் அடங்குகிறது. சிறிய கைகளுக்கும், பாடிக்கொண்டே வாசிப்பவருக்கும், மோட்டார் சைக்கிளின் பின்னால் முதுகில் மாட்டி நிலாவெளிக்கோ கிண்ணியாவுக்கோ போகிறவருக்கும் இது மிகவும் உகந்தது. கீழ்த்தந்தியின் இழுவிசை குறைவதால் அடித்து வாசிக்கும்போது ஒலி சற்றுத் தளர்ந்து கேட்கும். திறந்தவெளி மேடையில், கடற்காற்று ஒலியைக் கலைத்துப் போகும் கோடை இரவில், அந்தத் தளர்ச்சி எனக்கு ஒவ்வவில்லை. குறுகிய கருவிக்கான தந்திகளை இங்குள்ள கடைகளில் நினைத்தவுடன் வாங்கவும் முடியாது.

அடுத்தது இபனேஸ் நிறுவனம் 1987 முதல் செய்துவரும் எஸ்ஆர் வரிசையும் அதை ஒத்த மெல்லுடல் கருவிகளும். தந்தி நீளம் குறையாமல் 34 அங்குலம். உடல் மட்டும் சிறுத்து, விளிம்புகளில் மீன்போல மெலிந்து போகிறது. 3.5 கிலோவை ஒட்டிய பாரத்தில் முழு நீளக் கருவி கிடைப்பது பெரிய வரம். கொம்பு நீண்டிருப்பதால் உடல் மெலிந்தாலும் பொத்தான் நல்ல இடத்தில் அமைகிறது. கழுத்தும் ஒல்லியாக்கப்பட்டிருப்பதால் தலைப்பக்கம் இழுப்பது குறைகிறது. நான் தராசில் மாட்டிப் பார்த்த ஒன்றில் தலையின் பாரம் 150 கிராமுக்குச் சற்று மேலே நின்றது. அகலத் தோல்வாருக்கு மாற்றியதும் அது நூறுக்கு இறங்கியது. இது மிகவும் நல்ல தெரிவு. எனக்கிருக்கும் தயக்கம் பாரத்தைப் பற்றியதன்று: இவற்றின் நெருக்கமான தந்தி இடைவெளிக்குப் பழகிய கை, கச்சேரியில் இன்னொருவரின் கருவியை வாங்கி வாசிக்க நேரும்போது தடுமாறும். எங்களூரில் அப்படி நேருவது அடிக்கடி.

தலையில்லாக் கருவிகளைப் பற்றி நெடுக எழுதத் தேவையில்லை. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 ஆம் ஆண்டளவில் கார்பன் இழையால் செய்து காட்டிய வடிவம் தலைப்பகுதியையே அகற்றி, முறுக்காணிகளை உடலின் அடியில் வைத்தது. சமநிலைச் சிக்கலை வேரோடு பிடுங்கிய தீர்வு அது. நுனியில் இருந்த நானூறு கிராம் அடிப்பக்கம் வந்து சேர்ந்தால் தலை எப்படி விழும்? ஆனால் மொத்தப் பாரம் தானாகக் குறைவதில்லை, பழைய வடிவங்களுக்கு இரு முனைகளிலும் குண்டுள்ள தனித் தந்திகள் வேண்டும், மலிவான நகல்களின் அடிப்பக்க முறுக்கிகள் உப்புக் காற்றில் இறுகிப் போவதை நான் கண்டிருக்கிறேன். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்ந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

தம்பி தாமாகவே ஒரு யோசனையும் கொண்டு வந்தார். நல்ல கழுத்தொன்றைத் தனியே வாங்கிவிட்டு, உடலை மட்டும் உள்ளூர்த் தச்சரிடம் செய்விக்கலாமா என்று கேட்டார். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்குள்ள மரவேலைக்காரர்களின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. மரத் தெரிவில்தான் ஆபத்து இருக்கிறது. நல்ல மரம் என்றால் வன்மையான மரம் என்பதே எங்கள் தச்சர்களின் மரபு. தேக்கில் செய்தால் நான்கு லீற்றர் உடல் 2.6 கிலோவைத் தொடும். பாலை மரத்தில் செய்தால் நான்கு கிலோவைத் தாண்டி, உடல் மட்டுமே முழுக் கருவியின் பாரமாகிவிடும். மலைவேம்பு வேறு வகை. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்று அழைக்கப்படும் இந்த மரம், வள்ளங்களின் பக்கமிதவைக்குப் பயன்படும் அளவுக்கு இலகுவானது, ஆல்டரோடு ஒப்பிடத்தக்கது. நன்கு உலர்ந்த மலைவேம்புப் பலகை கிடைத்தால் இந்தச் சோதனையை நானே செய்து பார்க்க ஆசைப்படுகிறேன். மாரி மழையில் ஈரம் ஏறிய பலகையில் செய்தால், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கழுத்துப் பொருத்தும் குழி சுருங்கி வெடிக்கும். முதற்கருவி வாங்குபவர் தம் ஒரே பணத்தை இதில் வைக்கக் கூடாது என்றே சொன்னேன்.

கடைசியாக ஒரு தெரிவை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை: புதிதாக எதையும் வாங்காமல், இப்போதைய இரவல் கருவியையே அதன் உரிமையாளரிடம் விலைக்கு வாங்கிச் சீர்செய்வது. அது 4.1 கிலோ, தலையில் 260 கிராம். இத்தகைய கருவியை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இலகு வகை முறுக்காணிகள் வழக்கமானவற்றைவிட ஒவ்வொன்றும் முப்பது நாற்பது கிராம் குறைந்தவை. நான்கையும் மாற்றினால் 140 கிராம் அளவு போகும். சிறிய எண்ணாகத் தெரியலாம். அந்த 140 கிராம் பொத்தானிலிருந்து 550 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தது; அதே விளைவை உடலின் அடிநுனியில் பாரம் சேர்த்துப் பெற வேண்டுமானால் 160 கிராம் கூட்ட வேண்டியிருக்கும். முதலாவதில் தோளும் கையும் சேர்ந்தே நன்மை பெறுகின்றன. இரண்டாவதில் கைக்குக் கிடைத்த நிம்மதிக்குத் தோள் விலை கொடுக்கிறது. கனத்த பிரிட்ஜ் மாற்றுவதும் இந்த இரண்டாவது வகைதான். அதை ஒலிக்காகச் செய்யலாம், சமநிலைக்கு முதல் மருந்தாகக் கொள்ள வேண்டாம்.

முறுக்காணிக்கும் முன்னால் வாரைப் பார்க்க வேண்டும். வழுவழுப்பான நைலோன் வாரில் நிற்காத கருவி, உட்புறம் சொரசொரப்பான அகலத் தோல்வாரில் அசையாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வியர்வையில் நனைந்த பட்டுச் சட்டையோடு மேடையேறினால் அந்த உராய்வும் குறையும். இந்த ஊர் வெக்கையில் பருத்திச் சட்டை அணிவது சமநிலைக்கும் நல்லது. மேற்பொத்தான் கழுத்தடியில் இருந்தால் அதைக் கொம்பின் நுனிக்கு மாற்றலாம். ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தாலும் பலன் தெரியும். ஆனால் துளையிடும்முன் அங்கே மரம் எவ்வளவு தடிப்பு என்று அளந்துகொள்ள வேண்டும்.

அமர்ந்து வாசிக்கும் நிலையையும் ஒரு முறை சோதிக்கச் சொன்னேன். தம்பி ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும் வாசிக்கிறார், அங்கே நாற்காலிதான். வலது தொடையில் இடுப்பு வளைவு எங்கே அமர்கிறதோ அதுவே அப்போது தாங்கும் புள்ளி. ஜாஸ் பேஸின் தள்ளிய இடுப்பு இங்கே உதவுகிறது; தண்டர்பேர்ட் வடிவம் தொடையில் வழுக்குகிறது. அமர்ந்தாலும் வாரைக் கழற்றாமல் இருப்பது என் வழக்கம், அவருக்கும் அதையே சொன்னேன்.

ஐந்து தந்திக் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் ஐந்தாவது முறுக்காணி, அகலமான கழுத்து, சிலவற்றில் 35 அங்குல நீளம் என எல்லாமே தவறான பக்கத்தில் பாரம் கூட்டுகின்றன. அந்த ஐந்தாவது கீழ்த்தந்தி தேவைப்படும் பாடல்கள் எங்கள் பட்டியலில் மிகச் சில. அவற்றுக்காக அரைக் கிலோ கூடுதலாகச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது எங்கள் முன்னே இரண்டு தெரிவுகளே எஞ்சின: நான்கு கிலோவுக்கு மேற்படாத ஜாஸ் வடிவக் கருவி, அல்லது எஸ்ஆர் வகை மெல்லுடல். தோள் நோவு ஏற்கெனவே உள்ளவருக்கு, வயது கூடியவருக்கு, தம் கருவியையே எங்கும் எடுத்துச் செல்பவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். இருபத்திரண்டு வயதில், பலரோடும் கருவி மாற்றி வாசித்து, நின்றும் அமர்ந்தும் வாசிக்க வேண்டிய இவருக்கு முதலாவதைச் சொன்னேன்.

இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய், மூன்று கடைகளில் விற்றராசைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் அவர் ஒரு பழைய ஜாஸ் வடிவக் கருவியோடு திரும்பினார். ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் நின்ற இரண்டு கருவிகளுக்கிடையே 600 கிராம் வேறுபாடு இருந்ததாக வியப்போடு சொன்னார். அவர் தெரிந்தெடுத்தது 3.9 கிலோ, அகலத் தோல்வாரில் தலையின் பாரம் 80 கிராம். மேற்பொத்தானின் திருகாணி துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்ததால், துளையை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, துருப்பிடிக்காத எஃகில் சற்று நீளமான திருகாணியைப் பொருத்தினோம். இலகு முறுக்காணிகள் வாங்கும் எண்ணத்தை ஒத்திவைத்திருக்கிறோம். 80 கிராமைக் குறைப்பதற்கு அவ்வளவு பணம் செலவிட இப்போதைக்குக் காரணமில்லை.